அட்டைப்படமும் கலண்டரும்: அமெரிக்க மலிவு விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகைகளின் ஓவிய மரபு பற்றிய ஒரு நோக்கு

அண்மையில் நண்பர் ஒருவரின் அலுவலக அறையிலே ஒரு சுவர்க் கலண்டரைக் காண நேர்ந்தது. பன்னிரண்டு மாதங்களுக்கும் பன்னிரண்டு வண்ணப் படங்கள். அனைத்தும் 1920களிலிருந்து 1950கள் வரை ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த மலிவு விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகைகளின் அட்டைப்படங்கள். சனிக் கிரகத்தின் வளையங்களுக்குக் கீழே பனியிற் சறுக்கி விளையாடும் மனிதர், மூன்று கால்களில் நடந்துவரும் போர் இயந்திரங்கள், வியாழனைப் பார்த்து வியந்து நிற்கும் விண்வெளிப் பயணிகள் என மாதத்துக்கு ஒரு காட்சி. அவற்றைக் காட்டி, “அந்தக் காலத்து மனிதர் எவ்வளவு வெகுளித்தனமாக எதிர்காலத்தைக் கற்பனை செய்திருக்கிறார்கள்” என்றார் நண்பர்.

இந்த ‘வெகுளித்தனம்’ என்ற சொல்லே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று. இவ்வகைப் படங்கள் குறித்து இரு நோக்குகள் நிலவி வந்துள்ளன. உயர் கலையின் காவலர்கள் நீண்ட காலமாக இவற்றைக் குப்பை என ஒதுக்கினர். இன்றோ, பழமையை விரும்பிச் சேகரிப்போர் இவற்றை ஓர் இழந்த காலத்தின் இனிய நினைவுகளாகப் போற்றுகின்றனர். மேலோட்டமாக நோக்கின் இவை ஒன்றுக்கொன்று முரணானவை. ஆயினும் இரண்டுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. இப்படங்கள் எவ்வகை உற்பத்தி உறவுகளின் மத்தியில், எத்தேவைக்காக, யாருடைய உழைப்பால் உருவாயின என்ற கேள்வியை இரு சாராரும் எழுப்புவதில்லை. அக்கேள்வியை எழுப்பும்போது, இவற்றில் வெகுளித்தனம் மிகக் குறைவு என்பது புலனாகும்.

1. தாளும் விலையும்

1896 ஆம் ஆண்டு பிராங் மன்ஸி என்னும் பதிப்பாளர், தமது ‘ஆர்கொஸி’ என்ற சஞ்சிகையை முற்றிலும் புனைகதைகளைக் கொண்ட வெளியீடாக மாற்றி, மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சிட்டுப் பத்துச் சதத்துக்கு விற்றார். இத்தாளின் பெயராலேயே இவ்வகை வெளியீடுகள் ‘பல்ப்’ சஞ்சிகைகள் எனப் பெயர் பெற்றன. விரைவான சுழல் அச்சியந்திரங்கள், நாடெங்கும் பரவிய புகையிரதப் பாதைகள், எழுத்தறிவு பெற்ற நகர்ப்புறத் தொழிலாளர் ஆகிய மூன்றும் ஒருங்கிணைந்தபோதே இவ்வெளியீட்டு முறை சாத்தியமாயிற்று. இலக்கிய வகையொன்றின் தோற்றத்துக்கு முன்னதாக அதற்கான சந்தை தோன்றிவிட்டது எனலாம்.

இச்சஞ்சிகைகளின் உள்தாள் முரடானது. விரைவிலே மஞ்சளித்து நொறுங்கிப் போவது. அட்டை மட்டும் வழவழப்பான தாளிற் பல வண்ணங்களில் அச்சாயிற்று. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. பத்திரிகைக் கடையில் ஒரே தட்டில் அடுக்கப்பட்டிருந்த பல்வேறு சஞ்சிகைகளுள் ஒன்றைக் கையில் எடுக்கும்படி ஒருவரைத் தூண்டவேண்டியது அட்டையின் பொறுப்பு. விற்பனையாகாத பிரதிகளைத் திருப்பி அனுப்பும் ஒழுங்கும் வழக்கில் இருந்தது. முழுப் பிரதியை அனுப்பவேண்டியதில்லை. அட்டையையோ அதன் தலைப்புப் பகுதியையோ கிழித்து அனுப்பினாற் போதும். ஆகவே அட்டையானது பண்டத்தின் விளம்பரமாக மட்டுமன்றி, விற்பனைத் தோல்வியின் கணக்குச் சீட்டாகவும் தொழிற்பட்டது. ஓவியரின் தூரிகைக்குப் பின்னால் இக்கணக்கு எப்பொழுதும் நின்றுகொண்டிருந்தது.

2. உதிரிப்பாகப் பட்டியலிலிருந்து விண்வெளிக்கு

விஞ்ஞானப் புனைகதைக்கெனத் தனியாக வெளிவந்த முதலாவது ஆங்கிலச் சஞ்சிகை ‘அமேஸிங் ஸ்ரோறீஸ்’. 1926 ஏப்ரலில் வெளிவந்த அதன் முதலிதழின் விலை 25 சதம். அதன் நிறுவகர் ஹியூகோ கேர்ண்ஸ்பாக், 1884 இல் லக்சம்பேர்க்கிற் பிறந்து 1904 இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். அவர் இலக்கியத்தின் வழியாகப் பதிப்புத்துறைக்கு வந்தவரல்லர். மின்கருவிகளையும் வானொலி உதிரிப்பாகங்களையும் தபால் மூலம் விற்கும் வணிகத்தை நடத்தியவர். அவ்வணிகத்தின் விலைப்பட்டியலையொட்டியே 1908 இல் ‘மொடேர்ண் இலெக்றிக்ஸ்’ என்ற தொழில்நுட்பச் சஞ்சிகை உருவாயிற்று. பொறிகளை விற்பதற்கு அவற்றின் மீது ஆவலைத் தோற்றுவிக்க வேண்டியிருந்தது. கதைகள் அந்த ஆவலை வளர்த்தன. ஓர் இலக்கிய வகைமையின் தொட்டில் உதிரிப்பாகப் பட்டியலாக இருந்தமை நமது கவனத்துக்குரியது.

முதலிதழின் அட்டையை வரைந்தவர் பிராங் ஆர். பௌல். அவரும் கேர்ண்ஸ்பாக்கைப் போன்று 1884 இலேயே, ஒஸ்திரியாவிற் பிறந்தவர். கட்டடக்கலைப் பயிற்சி பெற்றவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிற் குடியேறியவர். ஜூல்ஸ் வேர்ணின் வால்வெள்ளிப் பயணக் கதைக்காக வரையப்பட்ட அவ்வட்டையே மேற்குறித்த கலண்டரின் முதற் படமாக அமைந்திருந்தது. பனிமேட்டிற் சிக்கிய கப்பல்கள், வானத்தை நிறைத்து நிற்கும் சனி, அதன் கீழே சறுக்கி விளையாடும் மனிதக் கூட்டம். அடுத்து வந்த ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு இச்சஞ்சிகையின் அட்டைகளைப் பெரும்பாலும் பௌலே வரைந்தார்.

பௌலின் ஓவியங்களைக் கூர்ந்து நோக்குவோர் ஓர் உண்மையை உடனே உணர்வர். இயந்திரங்களும் நகரங்களும் நுண்ணிய விவரங்களுடன் உயிர்பெற்று நிற்கின்றன. மனிதரோ சிறியவர்கள், விறைத்தவர்கள், முகவேறுபாடு அற்றவர்கள். இதனை ஓவியரின் திறமைக் குறைவாகச் சுட்டுவோர் உளர். கட்டடக்கலைப் பயிற்சியும் ஒரு காரணமாகலாம். ஆயினும் நகர்ந்து செல்லும் பொருத்துதொடரின் முன் தொழிலாளி நிறுத்தப்பட்டிருந்த காலகட்டத்தில், இயந்திரம் பெருத்தும் மனிதன் சிறுத்தும் தோன்றும் ஓவியம் ஒன்று மாதந்தோறும் பல்லாயிரம் பேரின் கைகளை அடைந்தமை வெறும் தற்செயல் அன்று. தன் உழைப்பின் விளைபொருள் தனக்கு அந்நியமாகித் தன்னை ஆளும் ஆற்றலாக நிற்பதைக் கார்ல் மார்க்ஸ் விளக்கினார். பௌல் அதனை விளக்கவில்லை, அறியாமலே வரைந்தார்.

3. படம் முந்தியது, கதை பிந்தியது

கதைக்குப் படம் வரையப்படுவதே இயல்பு என நாம் கருதுகிறோம். இச்சஞ்சிகைகளின் வரலாறு இதற்கு மாறான சான்றுகளைத் தருகின்றது. 1926 டிசெம்பர் இதழிற் பௌலின் அட்டைப்படம் கதை எதுவும் இன்றி வெளியிடப்பட்டது. அப்படத்துக்குப் பொருந்தும் கதையை எழுதுவோருக்கு மொத்தம் 500 டொலர் பரிசு அறிவிக்கப்பட்டது. அப்போட்டியில் மூன்றாம் பரிசு பெற்றவர் கிளேர் விங்கர் ஹரிஸ் என்ற பெண் எழுத்தாளர். அவரது கதை 1927 ஜூன் இதழில் வெளியாயிற்று. பெண்ணொருவர் பரிசு பெற்றமை குறித்து ஆசிரியரே வியப்புத் தெரிவித்தார். அவ்வியப்பு அக்காலத்துப் பால்நிலைக் கருத்துகளை நமக்குக் காட்டுகின்றது. அதைவிட முக்கியமானது, பண்டத்தின் உறை முதலில் உருவாகி உள்ளடக்கம் அதற்கேற்ப வரவழைக்கப்பட்டது என்பதாகும்.

இன்னொரு சான்று மேலும் தெளிவானது. 1930 சனவரியில் வில்லியம் கிளேற்றனின் நிறுவனம் ‘அஸ்ரவுண்டிங்’ சஞ்சிகையைத் தொடங்கியது. பின்னாளில் இவ்விலக்கிய வகையின் தலைமை இதழாக விளங்கியது இதுவே. அதன் தோற்றம் பற்றி முதலாவது ஆசிரியர் ஹரி பேற்ஸ் கூறியிருப்பது சுவையானது. கிளேற்றனின் பல சஞ்சிகைகளுக்குமான வண்ண அட்டைகள் ஒரே பெருந்தாளிற் சேர்த்து அச்சிடப்பட்டன. அத்தாளில் வெற்றிடம் எஞ்சி வீணாகிக்கொண்டிருந்தது. அவ்விடத்தை நிரப்பினால் மேலதிக அட்டையொன்றைச் சொற்ப செலவில் அச்சிடலாம் என்ற கணக்கிலிருந்தே புதிய சஞ்சிகை பற்றிய எண்ணம் பிறந்தது.

இலக்கிய வகைமைகளின் தோற்றத்தை மேதைகளின் உள்ளொளியால் விளக்குவோர் இந்நிகழ்ச்சியைச் சிந்திக்க வேண்டும். அதே வேளையில், அச்சுத்தாளின் வெற்றிடம் ஒன்றே அனைத்தையும் தீர்மானித்தது எனக் கொள்வதும் பொறிமுறைவாதமாகிவிடும். வெற்றிடத்தை எதனாலும் நிரப்பியிருக்கலாம். அதனை விஞ்ஞானக் கற்பனையால் நிரப்ப முடிந்தமைக்கு, அத்தகைய கற்பனையை வேண்டி நின்ற ஒரு வாசகர் கூட்டம் ஏற்கெனவே உருவாகியிருந்தமையே காரணமாகும்.

அவ்வாசகர் யாவர் என்பதற்கு விளம்பரப் பக்கங்கள் சான்று பகர்கின்றன. தபால் வழியாக வானொலித் தொழில் கற்பதற்கான அழைப்புகள், மின்தொழிற் பயிற்சிகள், உடலை வலுவாக்கும் முறைகள் என்பனவே அவற்றில் மிகுந்து காணப்பட்டன. தமது வேலையினின்றும் வருமானத்தினின்றும் மேலெழ விரும்பிய இளைஞரையே அவை விளித்தன. ஐக்கிய அமெரிக்காவில் 1938 இல் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம் மணித்தியாலத்துக்கான குறைந்தபட்சக் கூலியை 25 சதமாக நிர்ணயித்தது. அக்காலத்தில் ‘அஸ்ரவுண்டிங்’ இதழின் விலை 20 சதம். எனவே அடிநிலைத் தொழிலாளி ஒருவன் தன் ஒரு மணித்தியால உழைப்பின் பெரும்பகுதியைக் கொடுத்தே ஓர் இதழை வாங்கினான். அட்டையில் அவன் கண்ட கோள்கள் அவனுக்கு இலவசமாகக் கிடைத்தவையல்ல.

4. அச்சமும் உடலும்

இவ்வோவியங்களின் கருத்துநிலையை விமர்சன நோக்கின்றி ஏற்றல் இயலாது. 1928 ஓகஸ்ட் ‘அமேஸிங் ஸ்ரோறீஸ்’ இதழின் அட்டையில், கருவியொன்றின் துணையுடன் வானிற் பறக்கும் இளைஞன் காட்சி தருகின்றான். இன்றும் அடிக்கடி மறுபிரசுரமாகும் படம் இது. இதே இதழிலேதான் பிலிப் பிரான்சிஸ் நோலன் எழுதிய, பின்னாளில் ‘பக் றொஜர்ஸ்’ எனப் புகழ்பெற்ற பாத்திரத்தின் முதற்கதையும் வெளியாயிற்று. மொங்கோலிய இனத்தார் அமெரிக்காவை அடிமைப்படுத்துவதாகவும், வெள்ளை அமெரிக்கர் கிளர்ந்தெழுந்து அவர்களை அழிப்பதாகவும் அக்கதை அமைந்தது. ஆசியரின் குடியேற்றத்தை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்த 1924 ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன என்பதை மனங்கொள்ள வேண்டும். பறக்கும் இளைஞனின் படம் உண்மையில் அதே இதழில் வெளிவந்த வேறொரு கதைக்குரியது. எனினும் அதனை நோலனின் கதைக்குரியதெனப் பலர் மயங்குவதுண்டு. கதையிலிருந்து படம் பிரியும்போது எத்தகைய குழப்பம் நேரும் என்பதற்கு இது ஒரு சிறு எடுத்துக்காட்டு.

1927 ஓகஸ்ட் அட்டை இதனினும் ஆழமான பாடத்தைத் தருகின்றது. எச். ஜி. வெல்ஸின் செவ்வாய்வாசிகளின் படையெடுப்பு நாவலுக்காகப் பௌல் வரைந்த முக்காலி இயந்திரங்கள் அதில் இடம்பெற்றன. 1898 இல் நூலாக வெளிவந்த அந்நாவலின் தொடக்கத்திலேயே, தஸ்மேனியத் தீவின் பழங்குடி மக்களை ஐரோப்பியர் அழித்தொழித்ததை வெல்ஸ் நினைவூட்டுகிறார். பிறருக்குத் தாம் இழைத்ததைத் தம் மீது இழைக்கும் ஒரு சக்தி வந்தால் எப்படியிருக்கும் எனப் பேரரசின் குடிமக்களைக் கேட்பதே அவரது நோக்கம். அட்டைப்படத்தில் இயந்திரம் இருக்கிறது, தீ இருக்கிறது, ஓடும் மக்கள் இருக்கின்றனர், தஸ்மேனியா இல்லை. அச்சத்தை எடுத்துக்கொண்டு குற்றச்சாட்டை விட்டுவிட்டது அட்டை. கதை உள்ளே இருந்தவரை, வாசகன் பக்கத்தைப் புரட்டி அக்குற்றச்சாட்டை அடைய வாய்ப்பிருந்தது. கலண்டரிற் புரட்டுவதற்கு அடுத்த மாதம் மட்டுமே உண்டு.

பெண்ணுடல் இவ்வட்டைகளிற் காட்சிப்பொருளாக்கப்பட்டமை பலராலும் எடுத்துக்காட்டப்பட்டதே. 1940களில் ஏள் பேர்கி போன்ற ஓவியரின் அட்டைகளில் இப்போக்கு உச்சமடைந்தது. ஆனால் இதனை ஆண் ஓவியரின் வக்கிரம் எனச் சுருக்கிவிடவும் முடியாது. விஞ்ஞானப் புனைகதையோடு நெருங்கிய உறவுடைய ‘வியேர்ட் ரேல்ஸ்’ என்ற திகிற்கதைச் சஞ்சிகைக்கு, 1932 முதல் அறுபதுக்கும் மேற்பட்ட அட்டைகளை வரைந்தவர் மாகிறெற் பிறன்டேஜ் என்ற சிக்காகோப் பெண்மணி. அவர் தம் முதலெழுத்தோடு குடும்பப் பெயரை மட்டுமே ஒப்பமிட்டமையால், நிர்வாணப் பெண்ணுருவங்களை வரைந்தவர் ஒரு பெண் என்பதைத் தொடக்கத்தில் வாசகர் அறிந்திருக்கவில்லை. அட்டையொன்றுக்கு அவர் பெற்ற ஊதியம் 90 டொலர். அவரது கணவர் உலகத் தொழிற்றுறைத் தொழிலாளர் சங்கத்தைச் சார்ந்த தீவிரவாதி. அவர்களது வட்டம் சிக்காகோவின் இடதுசாரிகளும் கலைஞரும் கூடிய வட்டம். பெருமந்த காலத்தில் மகனையும் தாயையும் காப்பாற்றவேண்டிய பொறுப்பு பிறன்டேஜின் தோள்களில் இருந்தது. முற்போக்குச் சூழலில் வாழ்ந்த ஒரு பெண், சந்தை கேட்ட பெண்ணுடலைத் தன் கையாலேயே வரைந்து பிழைத்தாள் என்பதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. தனிமனித நல்லெண்ணத்தை மீறி உற்பத்தி உறவுகள் தொழிற்படும் முறை இதுவே.

5. கதவுக்கு வெளியே நின்றோர்

வாசகர் இச்சஞ்சிகைகளை வாளாவிருந்து நுகர்ந்தனர் என எண்ணுதலும் தவறாகும். கடிதப் பகுதிகள் வாயிலாக ஒருவரையொருவர் அறிந்து, மன்றங்கள் அமைத்து, கையச்சுப் பிரசுரங்களை வெளியிட்டனர். நியூயோர்க்கில் 1938 இல் உருவான ‘பியூச்சறியன்’ குழுவினர், விஞ்ஞானக் கற்பனைக்குச் சமுதாய மாற்றத்திற் பங்குண்டு என வாதிட்டனர். அவர்களுட் சிலர் இளம் கம்யூனிஸ்டுகளின் அமைப்பிலும் இணைந்திருந்தனர். குழுவின் முன்னணியாளர் டொனால்ட் வொல்ஹைம், 1934 இல் கேர்ண்ஸ்பாக்கின் சஞ்சிகையொன்றில் வெளியான தமது கதைக்கு ஊதியம் கிடைக்காதபோது, அதே நிலையிலிருந்த ஏனைய எழுத்தாளரையும் சேர்த்துக்கொண்டு சட்ட நடவடிக்கையில் இறங்கி, 75 டொலரைச் சமரசமாகப் பெற்றவர். எதிர்காலம் பற்றி எழுதியோர் நிகழ்காலக் கூலிக்காகப் போராட வேண்டியிருந்தது.

1939 ஜூலையில், ‘நாளைய உலகம்’ என்ற தொனிப்பொருளுடன் உலகக் கண்காட்சி நடைபெற்றுக்கொண்டிருந்த நியூயோர்க் நகரிலே, முதலாவது உலக விஞ்ஞானப் புனைகதை மாநாடு கூடியது. அதன் கௌரவ விருந்தினர் ஓவியர் பிராங் பௌல். எழுத்தாளர் எவருக்கும் அன்றி அட்டை ஓவியருக்கே முதல் மதிப்பு அளிக்கப்பட்டமை, அவ்வாசகரின் மனத்தில் ஓவியம் பெற்றிருந்த இடத்தைக் காட்டுகின்றது. அதே நாளில், துண்டுப்பிரசுரங்கள் தொடர்பான தகராற்றில் வொல்ஹைம், ஃபிரெட்றிக் போல் உட்படப் பியூச்சறியன் குழுவினர் அறுவர் மண்டபத்தினுள் அனுமதிக்கப்படவில்லை. எதிர்காலத்தின் படத்துக்கு மேடை கிடைத்தது. எதிர்காலத்தின் அரசியல் வாயிலில் நின்றது.

இப்படங்களின் வீச்சு அமெரிக்காவுடன் நின்றுவிடவுமில்லை. விற்று எஞ்சிய பழைய இதழ்கள் அத்திலாந்திக்கைக் கடந்து இங்கிலாந்தின் மலிவுக் கடைகளை அடைந்தன. அங்கே சிறுவனாயிருந்த ஆதர் சி. கிளார்க், தாம் கண்ட முதல் விஞ்ஞானப் புனைகதை இதழ் 1928 நவம்பர் ‘அமேஸிங் ஸ்ரோறீஸ்’ எனவும், அதன் அட்டையிற் பௌல் வரைந்திருந்த வியாழன் தம்மை ஆட்கொண்டது எனவும் பின்னர் நினைவுகூர்ந்தார். 1956 முதல் 2008 இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவரும், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகப் பல ஆண்டுகள் விளங்கியவருமான அவர், அச்சஞ்சிகைகளுடனான தம் இளமையுறவை 1989 இல் ஒரு தனி நூலாகவே எழுதினார். மலிவுத் தாளின் அட்டையொன்று கிராமத்துச் சிறுவன் ஒருவனை வானியலுக்கு இட்டுச் சென்றது. குப்பை என ஒதுக்குவோர் இதற்கு விடை கூறவேண்டும்.

6. கலண்டரின் காலம்

இரண்டாம் உலகப் போரின் தாள் தட்டுப்பாடு, போருக்குப் பின் மலிவுப் பதிப்பு நூல்கள், சித்திரக்கதைகள், தொலைக்காட்சி ஆகியவற்றின் எழுச்சி, ஈற்றில் 1957 இல் அமெரிக்காவின் மிகப்பெரிய சஞ்சிகை விநியோக நிறுவனத்தின் வீழ்ச்சி என்பன பல்ப் சஞ்சிகைகளின் காலத்தை முடிவுக்குக் கொண்டுவந்தன. ஓவியருக்கு ஒருமுறை கொடுக்கப்பட்ட தொகையே முழுக் கூலி. மூல ஓவியம் பெரும்பாலும் பதிப்பாளரின் உடைமையாயிற்று. பாதுகாக்கத் தகுந்ததெனக் கருதப்படாமையால் அவற்றுட் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. எஞ்சியிருப்பவை அச்சுப் பிரதிகளே.

இன்று அவை மீண்டும் பண்டமாகின்றன. 1926 இல் வெளியான படைப்புகள் 2022 சனவரி 1 முதல் அமெரிக்காவிற் பதிப்புரிமையினின்றும் விடுபட்டுப் பொதுச்சொத்தாயின. பின்னர் வெளிவந்த பல இதழ்களின் உரிமை உரிய காலத்திற் புதுப்பிக்கப்படாமையால் ஏற்கெனவே நீங்கியிருந்தது. பொதுச்சொத்தாதல் வரவேற்கத்தக்கதே, எவரும் இவற்றைக் கற்கவும் பகிரவும் அது வழிசெய்கின்றது. ஆயினும், முன்னொரு காலத்துக் கூலியுழைப்பின் விளைவைச் செலவின்றி எடுத்து மீண்டும் விற்பதற்கும் அதே வழி பயன்படுகின்றது.

இம்மாற்றத்திற் படத்துக்கு நேர்வது யாது? நான் கண்ட கலண்டரில் விலை நீக்கப்பட்டிருந்தது. சில படங்களிற் சஞ்சிகையின் பெயரே வெட்டப்பட்டிருந்தது. ஓவியரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கதை, விளம்பரம், வாசகர் கடிதம் ஆகிய யாவும் மறைந்தன. எஞ்சியது வண்ணம் மட்டுமே. அதன் கீழே வேலைநாளும் விடுமுறையும் குறிக்கும் கட்டங்கள். வேலைநாளின் களைப்பிலிருந்து ஒரு மணித்தியாலம் விடுபடுவதற்காக ஒரு தொழிலாளி வாங்கிய கனவு, இப்பொழுது இன்னொரு தொழிலாளியின் வேலைநாட்களை எண்ணும் பலகைக்கு அலங்காரமாயிற்று.

இயந்திர மறுஉற்பத்தி கலைப்பொருளின் ஒளிவட்டத்தைக் கலைத்து அதனை மக்களுக்கு அண்மையிற் கொணரும் என 1930களில் வோல்ற்றர் பெஞ்சமின் எதிர்பார்த்தார். இங்கு நிகழ்ந்திருப்பதோ மறுதலையானது. பிறக்கும்போதே ஒளிவட்டம் அற்றிருந்த மலிவுச் சரக்குக்கு, பழமை என்ற புதிய ஒளிவட்டத்தை மறுஉற்பத்தியே சூட்டியுள்ளது. விஞ்ஞானப் புனைகதையின் உண்மையான பணி எதிர்காலத்தைக் காட்டுவதன்று, நமது நிகழ்காலத்தை வரலாறாகக் காணச் செய்வதே என 1982 இல் பிரெட்றிக் ஜேம்சன் வாதிட்டார். அவ்வாதத்தை ஏற்போமாயின், கலண்டரின் பெருங்குறை நமக்குத் தெளிவாகும். கடந்த காலத்தார் கண்ட எதிர்காலத்தை அழகுப்பொருளாக்குவதன் மூலம், நிகழ்காலத்தைக் கேள்விக்குட்படுத்தும் அதன் ஆற்றலை அது முடக்குகின்றது. எதிர்காலத்தை விற்ற சமுதாயம், இன்று எதிர்காலத்தின் நினைவை விற்கின்றது.

எனவே நண்பரின் கூற்றுக்கு மறுமொழி கூறலாம். அவர்கள் வெகுளிகள் அல்லர். சம்பளம் கிடைக்காத எழுத்தாளனும், தொண்ணூறு டொலருக்கு வரைந்த பெண்ணும், அச்சுத்தாளின் வெற்றிடத்தைக் கணக்கிட்ட முதலாளியும், இருபது சதம் எண்ணிக் கொடுத்த தொழிலாளியும் தத்தம் நலன்களை நன்கறிந்தவர்களே. அவர்கள் கண்ட எதிர்காலத்தில் இனவெறியும் இருந்தது, இயந்திர வழிபாடும் இருந்தது. உலகம் இப்படியே இருக்கவேண்டியதில்லை என்ற நம்பிக்கையும் இருந்தது. முன்னவற்றை மறுப்பதும் பின்னதை மீட்பதும் முற்போக்கு விமர்சனத்தின் கடமையாகும். அந்த நம்பிக்கையையே வெகுளித்தனம் என நாம் அழைக்கத் தொடங்கியிருப்போமாயின், ஆராயப்படவேண்டியது அவர்களது காலமன்று, நமது காலமே.